மிஷின் காய்த்த பலா

ஈச்சங்கானலில் அந்த வருஷம் ஒரு பலாமரம் மரம் அறுக்கும் மிஷின்களைக் காய்த்தது. முந்தின வருஷம்வரை அது ஒன்றுமே காய்க்காத மரம். மச்சக்காளையின் தோட்டத்தில் வேலியை ஒட்டி வேர்விட்டு, அவர் மண்ணின் சத்தை உறிஞ்சிக்கொண்டு, நிழல் முழுவதையும் வேலிக்கு அந்தப் பக்கம் மொக்கராசுவின் முற்றத்தில் விழவிட்டுக்கொண்டு நின்றது. மொக்கராசு மச்சக்காளையின் பெண்டாட்டி பவுன்தாயின் கூடப்பிறந்த தம்பி. அவனோடு மச்சக்காளைக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பேசாத ஆளுக்கு நிழல் கொடுத்த குற்றத்துக்காக அந்த மரத்தோடும் அவர் பேசுவதில்லை.

மாசியில் அது பிஞ்சு பிடித்தபோதே தோட்டத்தில் பெட்ரோலும் ஆயிலும் கலந்த வாசம் அடித்தது. சித்திரையில் முதல் பழம் பழுத்தது. பவுன்தாய் அரிவாளில் தேங்காயெண்ணெய் தடவி ஒரு போடு போட்டாள். அரிவாள் ணங்கென்று திரும்பி வந்தது. பிளந்து பார்த்தால் சுளை எல்லாம் மஞ்சளாக, கொழுகொழுவென்று, குறை சொல்ல முடியாத சுளைதான். ஆனால் கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றில் திருகாணி, ஒன்றில் வாஷர், ஒன்றில் பிளக், பெரிய சுளையில் பிஸ்டன்.

“ஸ்குரூவையும் நட்டையும் கண்ட இடத்துல போடாதீகன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்,” என்றாள் பவுன்தாய் புருஷனைப் பார்த்து. “இப்பப் பாருங்க, பழத்துக்குள்ள போயிருக்கு.”

மச்சக்காளை சாக்கை விரித்து, ஒவ்வொரு சுளையாக வாயில் போட்டு, தின்று, உள்ளே இருந்ததைத் துப்பி, வேட்டியில் துடைத்து வரிசையாக அடுக்கினார். பழத்தின் நடுத்தண்டு இரும்பாக இருந்தது, மிஷினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே நீளப் பட்டை, அதுவேதான். சுளைக்கு இடையில் கிடந்த சடையை உருவினால் செயின் செயினாக வந்தது, பல்லுக்கு அரம்கூடப் போட வேண்டியதில்லை. பவுன்தாய் உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் அவர் முழு மிஷினையும் பூட்டிவிட்டார். கயிற்றை இழுத்தார். அது மூன்று தரம் இருமிவிட்டு ஓடியது.

“இருமல்காரி,” என்றார் மச்சக்காளை. “எண்ணெ குடிக்கும், ஆனா நல்ல சாதி.”

ஈச்சங்கானலில் மிஷின்களுக்குக் கம்பெனிப் பெயர் கிடையாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பழனிமலையின் கீழ்மடிப்பில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து, அவர்கள் போனபின் கைமாறிக் கைமாறி ஊருக்கு வந்துசேர்ந்த மிஷின்கள் அவை. பெயர்த்தகடு எப்போதோ உதிர்ந்துவிட்டது. மூன்று தரம் இருமுவது இருமல்காரி. ஒரு பக்க மூடி மட்டும் புடைத்திருப்பது ஒத்தைக்காது. கைப்பிடி முதுகில் கூன்போல் எழும்பியிருப்பது கூனி. இதில் எதன் சாமான் எதற்குச் சேரும் என்பது மச்சக்காளைக்குத்தான் முழுசாகத் தெரியும். ஒத்தைக்காதின் கார்புரேட்டர் இருமல்காரிக்குச் சேரும், இருமல்காரியுடையது ஒத்தைக்காதுக்குச் சேராது, சம்பந்தி வீட்டில் பெண் கொடுத்தவர்கள்தான் வளைந்து போவார்கள் என்பதுபோல. கூனி யாரோடும் சேராது. மற்றச் சாமானையாவது அரத்தால் தேய்த்து ஏமாற்றிவிடலாம், தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டை மட்டும் கூனிக்கு இன்னொரு கூனியிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

மச்சக்காளையிடம் இருந்தது ஒரு கூனி. மொக்கராசுவிடம் இருந்தது இன்னொரு கூனி. பகை அங்கேதான் பிறந்தது.

ஒரு காலத்தில் இருவரும் ஜோடியாக மரம் அறுத்தவர்கள். இதில் போனதை அதிலிருந்து எடுத்துப் போட்டு, அதில் போனதை இதிலிருந்து எடுத்துப் போட்டு, கடைசியில் எந்த மிஷினில் யார் சாமான் என்று அம்மனுக்கே தெரியாத நிலைமை வந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், குழம்பில் கிடந்த கருவாட்டுத் தலை யாருக்கு என்பதில் தொடங்கிய பேச்சு பிரிவினையில் முடிந்தது. ஆளுக்கொரு கூனியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு அடுத்த வாரம் மாரியம்மனுக்குக் கம்பம் வெட்டு.

கம்பம் என்பது மூன்று கிளையுள்ள பாலைமரம், திருவிழாவுக்கு அம்மன் முன்னால் நடுவது. கோடாலி இருந்த காலத்தில் யார் வெட்டினாலும் சரி என்று இருந்தது. மிஷின் வந்தபின் ஊர் ஒரு முறை வகுத்துக்கொண்டது. மிஷினைச் சன்னதியில் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கயிற்றை ஒரே ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். ஒரு இழுப்பில் கிளம்பினால் அம்மன் உத்தரவு. கிளப்பியவர்தான் கம்பம் வெட்ட வேண்டும், அவர் தலைக்குத்தான் பரிவட்டம். வயதில் மூத்தவர் முதலில் இழுப்பார். ஆக, அந்த வருஷம் மச்சக்காளை முதலில் இழுத்தார், கூனி மூச்சு விடவில்லை. மொக்கராசு இழுத்தான், உறுமிக்கொண்டு கிளம்பியது. என் நல்ல மேக்னெட்டை அவன் மிஷினில் வைத்துக்கொண்டுதான் பிரிந்தான் என்று மச்சக்காளை அன்றைக்கு முடிவு கட்டினார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அவர் மிஷினைத் தோளில் சுமந்து வருவார், இழுப்பார், அது ஓடாது. தலையைக் குனியாமல் ஓரமாகப் போய் நின்று, மொக்கராசுவின் தலையில் ஏறுகிற பரிவட்டத்தைச் சுற்றுச் சுற்றாக எண்ணிவிட்டு வீட்டுக்குப் போவார். சாவதற்குள் ஒரு தடவையாவது அந்தத் துணி தன் தலையில் ஏற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

இப்படிப்பட்ட மனிதரின் மரம்தான் மிஷின் காய்த்தது.

ஏன் காய்த்தது என்று ஊரில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. “வெளிநாட்டு விதையா இருக்கும்,” என்றார் டீக்கடை வீரபுத்திரன், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எப்போது பறிக்கலாம், எப்படித் தின்னலாம் என்பதுதான் ஊருக்குக் கவலையாக இருந்தது. அவசரப்பட்டுப் பறித்தால் உள்ளே பிஸ்டன் மெழுகுபோல் இருக்கும். மேற்கே இருந்து வந்த ஒரு காப்பித் தோட்டத்துக்காரர் சொல்லச் சொல்லக் கேளாமல் காயைப் பறித்துப் போய், முதல் நெருப்பிலேயே பிஸ்டன் ஊதுவத்திச் சாம்பல்போல வளைந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வரிசையில் நின்றார். பிஞ்சைப் பொரியல் செய்கிற பெண்கள் வாஷரை வடிகட்டிவிட்டுத் தேங்காய் சேர்க்கப் பழகினார்கள். நிறையச் சுளை தின்றவர்களுக்குப் பொழுது சாய்கிறவரை கை நடுங்கும், ஆகவே கல்யாண வீட்டில் தாலி கட்டப் போகிறவனுக்கு யாரும் கொடுப்பதில்லை. ரேஷன் கடைக்காரர் ஏப்பம் விட்டால் புகை வந்தது, அவர் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்துகொண்டார். தோட்டக்கலை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து சுளை தின்று பார்த்து, நடுங்கும் கையோடு கிளையை வெட்டிப் போய் ஒட்டுக் கட்டினார். அந்த ஒட்டுக்கன்று கதவுக் கீல் மட்டும் காய்த்தது. அதையும் தச்சாசாரிகள் விடவில்லை.

சுற்றுவட்டாரத்தில் செத்துக் கிடந்த பழைய மிஷின்கள் எல்லாம் உரச்சாக்கில் புறப்பட்டு ஈச்சங்கானலுக்கு வந்தன. தேன் கொண்டுவந்தார்கள், மலைவாழைத்தார் கொண்டுவந்தார்கள், சேவலைக் காலைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்தார்கள்.

“நம்ம மிஷினு நீலங்க. நீலத்துக்குள்ள பழமா ஒண்ணு குடுங்க.”

“நீலமா,” என்பார் மச்சக்காளை. “உங்க மாட்டுக் கொம்பு என்ன கலரு?”

“நீலந்தான்.”

“அப்பறம் என்ன. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடிச்ச பெயிண்டுல மிச்சத்த மிஷினுக்கும் அடிச்சு விட்டுருக்க. அதும் சம்பாதிச்சுப் போடுதுன்னு. ஒங்க அப்பன் காலத்துல கொம்பு என்ன கலரு?”

“பச்சை.”

நகத்தால் சுரண்டினால் நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் காவி, காவிக்கு அடியில் ஒரு பழைய சாம்பல். அதற்கும் கீழே கை வைக்காமல் அவர் மிஷினை மடியில் போட்டு, மூடித் திருகாணிகள் எத்தனை, கயிறு எந்தப் பக்கம் இழுபடுகிறது, புகைக்குழல் எந்த மூலையில் என்று தடவிப் பார்த்து, கயிற்றை மெல்ல இழுத்து உள்ளே இறுக்கம் எங்கே வருகிறது என்று காதை வைத்துக் கேட்டு, “ஒத்தைக்காது, ஆனா மூடிய யாரோ இருமல்காரிக்குள்ளதப் போட்டு ஏமாத்திருக்கான்,” என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போவார். பழத்தை விரல் முட்டியால் தட்டுவார். ஒவ்வொரு பழமும் தன் மிஷின் ஓடுகிற சத்தத்திலேயே பதில் சொல்லும். “இந்தா, மேக்கால கெளையில ரெண்டாவது. நாளைக்கழிச்சு வா, பழுத்துரும்.”

சரியான பழத்தைக் கொண்டுபோனவர்கள் பாதித் தூரம் போவதற்குள் மலைமுகட்டிலிருந்து மிஷின் சத்தம் கேட்கும். அதுவரை அவர் பெயரைக் கேட்டால் முகம் சுளித்தவர்கள்கூட, “கிறுக்குப் பிடிச்ச மனுசன், ஆனா கைய வச்சா மிஷினு எந்திரிச்சிருது,” என்று டீக்கடையில் சொன்னார்கள். அந்தக் ‘கிறுக்குப் பிடிச்ச’ என்பதை யார் சொன்னது என்று விசாரித்து மச்சக்காளை மனதில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் காய்த்தது அந்த மரம். கூனியை மட்டும் காய்க்கவில்லை. வைகாசி பிறந்து, கம்பம் வெட்டுக்கு நாள் குறித்து, தப்பட்டையும் அடித்துவிட்டார்கள். மச்சக்காளை காலையிலும் மாலையிலும் மரத்தில் ஏறி ஒவ்வொரு பழமாகத் தட்டினார். எல்லாம் இருமின, எல்லாம் முனகின, கூனியின் அந்த அடித்தொண்டை உறுமல் எதிலும் இல்லை.

ஒரு நாள் பவுன்தாய் தம்பி வீட்டிலிருந்து மோர் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வேலி கிடையாது. இரண்டு வீட்டு வசவையும் இரண்டு வீட்டுக்கும் சுமந்து சுமந்து, சுவாரசியம் குறைந்த வசவுகளை வழியிலேயே விட்டுவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு.

“மொக்கராசு எருமை கட்டுற எடத்துல தரை வெடிச்சிருக்கு,” என்றாள். “வேர்ல காச்சிருக்கு போல. எருமை படுத்தா வவுத்துக்குக் கீழ ஏதோ உறுமுதாம், அது ரெண்டு நாளா நின்னுக்கிட்டே தூங்குது.”

மச்சக்காளைக்குக் கை நடுங்கியது, அன்றைக்கு அவர் ஒரு சுளையும் தின்றிருக்கவில்லை.

வேர்ப்பலாவுக்கு அந்த மலையில் தனி நியாயம் உண்டு. வேர் மரக்காரனுடையது, மண் மண்ணுக்காரனுடையது, ஆகவே பழம் இருவருக்கும் பாதிப் பாதி. தோண்டுவதற்கு முன்னால் மரக்காரன் தன் காலால் நடந்து வந்து, தன் வாயால் சம்மதம் கேட்க வேண்டும். ஆள் விட்டுக் கேட்டால் செல்லாது. அதனால் இருவரும் சாட்சிக்குக் கோயில் பூசாரி சோலைமணியை வரவழைத்தார்கள். சோலைமணி மொக்கராசு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீக்கடையைச் சாத்திவிட்டு வீரபுத்திரன் வந்தார், அவர் பின்னாலேயே பாதி ஊரும் வந்தது. மச்சக்காளை நிறைய வருஷம் கழித்து அந்த முற்றத்தில் கால் வைத்தார். மொக்கராசு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மச்சக்காளை எருமைக்கு முன்னால் போய் நின்றார்.

“ஏ எருமை,” என்றார். “உன்னயக் கட்டிப் போட்ட ஆளுகிட்டச் சொல்லு. என் வேரு உன் காலுக்குக் கீழ கெடக்கு. தோண்டணும்.”

மொக்கராசுவும் எருமையைப் பார்த்தே சொன்னான். “எருமை, வந்தவுகளுக்கு மொதல்ல உக்கார எடம் குடு. இத்தன வருசமா வராதவுக வந்துருக்காக. கால் வலிக்கும்.”

“எனக்குக் கால் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு. அவனுக்குத்தான் நெஞ்சு சரியில்லயாம். அடுத்தவன் மேக்னெட்ட வச்சுக்கிட்டா நெஞ்சு படபடன்னுதான் அடிக்கும்.”

“எந்த மேக்னெட்டுன்னு கேளு எருமை. கருவாட்டுத் தலைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போன ஆளு, மேக்னெட்ட எண்ணிப் பாத்தா போனாரு?”

எருமை சாணி போட்டது. சோலைமணி எழுந்து நின்றார்.

“ஏப்பா மச்சக்காள, எருமை மூணாம் ஆளு. ஆள் விட்டுக் கேக்குறது செல்லாது. நேராக் கேளு, இல்ல நான் போறேன். பூசைக்கு நேரமாச்சு.”

மச்சக்காளை வேலியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பவுன்தாயைப் பார்த்தார். அவள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். காலுக்கடியில் கூனி உறுமியது. தொண்டையில் துரு பிடித்த கதவு திறப்பதுபோல, “மாப்ளே,” என்றார். “தோண்டிக்கிறட்டா?”

“தோண்டுங்க மச்சான்,” என்றான் மொக்கராசு, கூரையிடம்.

பழம் ஒரு பன்றிக்குட்டி அளவுக்கு இருந்தது. வேர்ப்பழத்தைப் பங்கு போடும் முறைப்படி பவுன்தாய் நடுவில் உட்கார்ந்து, வலது கைச் சுளை புருஷனுக்கு, இடது கைச் சுளை தம்பிக்கு என்று எடுத்து எடுத்து வைத்தாள். சிலிண்டர் மச்சக்காளைக்குப் போனது, பிஸ்டன் மொக்கராசுவுக்குப் போனது. செயின் மச்சக்காளைக்கு, பட்டை மொக்கராசுவுக்கு. திருகாணிகள் இவருக்கு, அவற்றின் நட்டுகள் அவனுக்கு. ஆளுக்குப் பாதி மிஷின், எதுவும் எதற்கும் உதவாத பாதி. ஆனால் பவுன்தாயின் வலது கையில் ஒரு பெரிய சுளை வந்து, அதற்குள் மேக்னெட் தெரிந்தபோது, மச்சக்காளை மற்ற எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு, அதை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வேலியைத் தாண்டி ஓடினார்.

தன் பழைய கூனியைப் பிரித்து மேக்னெட்டைப் பூட்டினார். இழுத்தார். பொறி வரவில்லை. திரும்ப இழுத்தார். அவர் அறிந்ததுதான், ஆசையில் மறந்துவிட்டார். மேக்னெட்டைச் சுற்றி ஓடுகிற காந்தச் சக்கரம் ஒன்று உண்டு. ஒரே பழத்தில் பிறந்த மேக்னெட்டும் சக்கரமும் ஒன்றையொன்று விட்டு வேறெதோடும் சேராது. சக்கரம் இடது கைப் பக்கம் போயிருந்தது.

அவர் தலை நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் மொக்கராசு சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“எடுத்துக்கங்க மச்சான். எனக்கு வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்? உன் மிஷினு நல்லா ஓடுற திமிரா?”

“அது எங்க ஓடுது. போன ஐப்பசி மழையில மேக்னெட்டு செத்துப் போச்சு. யார்கிட்டயும் சொல்லல. ஊருல ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதச் சரிபண்ணத் தெரியும், அந்த ஆளு என்கூடப் பேசுறதில்ல.” அவன் சக்கரத்தை வேலிமேல் வைத்தான். “இந்த வருசம் நீங்க இழுங்க. ஓடும். நான் ஓரமா நின்னு பாத்துக்கிறேன்.”

எத்தனையோ வருஷமாக மச்சக்காளை கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள் அவை. அவன் ஓரமாக நிற்பதையும், தன் தலையில் துணி ஏறுவதையும் அவர் மனதில் பார்த்தார். அதற்கு அடுத்ததையும் பார்த்தார். மறுநாள் டீக்கடையில் மொக்கராசு உட்கார்ந்திருக்கிறான், ஒன்றும் பேசாமல் டீ குடிக்கிறான். அவன் பேச வேண்டியதே இல்லை. சக்கரம் அவன் போட்ட பிச்சை என்று ஊர் பேசிக்கொள்ளும், சாகிறவரை பேசும், செத்தபின் எடுத்துப்போகும்போதும் பின்னால் வருகிறவர்கள் பேசிக்கொண்டு வருவார்கள்.

“ஓசிச் சக்கரம் எனக்கு வேண்டாம்,” என்றார். “நீ வந்து கூட இழு. சக்கரம் உன்னுது, மேக்னெட்டு என்னுது. நாளைக்கு ஒரு பய நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக்கூடாது.”

“ரெண்டு பேரு இழுக்க முறை இல்லயே மச்சான்.”

“அத நான் பூசாரிகிட்டப் பேசிக்கிறேன். நீ உன் கூனியையும் எடுத்துட்டு வா. கிளட்ச்சு என்னுது தேஞ்சு கெடக்கு.”

கம்பம் வெட்டு அன்று காலையில் சன்னதியில் ஒரே ஒரு கூனி இருந்தது. அதில் யார் சாமான் எது என்று மறுபடியும் ஒருவருக்கும் தெரியாமல் போயிருந்தது. சோலைமணி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கயிற்றின் கைப்பிடி சின்னது. மச்சக்காளையின் இரண்டு விரலும் மொக்கராசுவின் இரண்டு விரலும்தான் அதில் கொண்டன. “ஒரு இழுப்புத்தான்,” என்றார் சோலைமணி. இழுத்தார்கள். கூனி ஒரு கணம் யோசித்தது. பிறகு கோயில் மணி தானாக அசையும்படி உறுமிக்கொண்டு கிளம்பியது.

கூட்டம் குலவை போட்டது. பாலைமரம் சாய்ந்தது. சோலைமணிக்குத்தான் சங்கடம். கையில் இருந்தது ஒரு பரிவட்டம், முன்னால் இருந்தது இரண்டு தலை. துணியைக் கிழிக்கக் கூடாது, கம்பம் நடுகிறவரை அவிழ்க்கவும் கூடாது. அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி அம்மனைக் கேட்டார், அல்லது கேட்டதுபோல் நின்றார். பிறகு இரண்டு தலையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, துணியை இரண்டுக்கும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றி முடிந்தார்.

அப்படியே நடந்தார்கள். முன்னால் தப்பட்டை, பின்னால் கம்பத்தைச் சுமந்த ஆட்கள், நடுவில் ஒரே துணிக்குள் இரண்டு பேர். வேகமாகப் போகாதே என்று ஒருவர் சொல்ல, இழுக்காதீங்க என்று மற்றவன் சொல்ல, காது காதோடு உரச, ஓடைப் பாலம் வரைக்கும் வந்துவிட்டார்கள். பாலம் என்பது ஒரு கல்பலகை. ஒரு ஆள்தான் போகலாம். இருவரும் நின்றார்கள். நான்தான் முன்னால் என்று மச்சக்காளை சொன்னார். நீங்க பின்னால வாங்க, வழுக்கும் என்று மொக்கராசு சொன்னான். கம்பம் சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். தப்பட்டைக்காரர் அடியைக் குறைத்தார்.

“பக்கவாட்டுல போங்க ரெண்டு பேரும்,” என்று பவுன்தாய் பின்னாலிருந்து சத்தம் போட்டாள். “நண்டு மாதிரி.”

அதற்கு இருவரும் முகத்துக்கு முகம் திரும்ப வேண்டியிருந்தது. துணி இறுகி இரண்டு மூக்கும் இடிக்கும் அளவுக்குக் கிட்டே கொண்டுவந்தது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கல்லில் கால் வைத்தார்கள். அத்தனை வருஷம் பேசாமல் இருந்து, பேச வந்தபோதும் கூரையையும் எருமையையும் பார்த்துப் பேசியவனின் முகத்தை மச்சக்காளை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். புருவம் நரைத்திருந்தது. வாய்க்குள் மேல் வரிசையில் நடுவே ஒன்றும் இல்லை.

“பல்லு எப்படா போச்சு?”

“நீங்க பாக்காத வருசத்துல.”

மச்சக்காளை கல்லின் நடுவிலேயே நின்றுவிட்டார். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தொழில் புத்தியில் அவர் தலையை ஒரு பக்கம் சாய்க்க, மொக்கராசுவின் தலையும் கூடவே சாய்ந்தது. அவர் அந்த இடைவெளியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தார்.

“ரெண்டு பல்லுதான் போயிருக்கு,” என்றார். “வேற வாயில உள்ளது சேரும். கொஞ்சம் தேய்க்கணும்.”

“உங்க வாயில உள்ளது சேருமான்னு பாருங்க.”

“என்னுது கூனிடா. யாரோடயும் சேராது.”

மொக்கராசு சிரித்தான். ஓட்டைப் பல் வழியாகக் காற்று விசிலடித்தது. அந்தச் சிரிப்பில் துணி குலுங்க, மச்சக்காளையின் தலையும் குலுங்கியது. கரையில் நின்றவர்களுக்கு இருவரில் யார் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.